சாருக்கு இன்னைக்கு எத்தனை பிரிக்ஸ்?

கிருஷ்ணகிரியில் மாங்கூழ்த் தொழிற்சாலை வேலை என்றால் சீசனில் மூச்சு முட்டும், மற்ற மாதங்களில் கொட்டாவி வரும். லாரிகள் வரிசை கட்டத் தொடங்கிவிட்டால் ராத்திரி பகல் தெரியாது. அப்படி ஒரு இடத்தில் தரக் கட்டுப்பாட்டில் இருந்தேன்.

ஒரு சீசனில் நிர்வாகம் சிரிப்பு யோகா வகுப்பு வைத்தது. 1995-ல் மதன் கட்டாரியா என்ற டாக்டர் மும்பைப் பூங்கா ஒன்றில் ஆரம்பித்த முறை அது. கைதட்டி 'ஹோ ஹோ, ஹா ஹா' என்று சிரிக்க வேண்டும். பலருக்கு உதவுகிறதாம், இருக்கட்டும். எங்கள் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். மேனேஜர் தனியாகச் சிரித்துக் காட்டிவிட்டுப் போன பிறகு சிரித்தார்களே, அதுதான் சிரிப்பு.

மற்ற நாட்களில் சிரிப்பெல்லாம் பழம் பொறுக்கும் பெல்ட்டில்தான். ஷிஃப்ட் முழுக்க நின்றுகொண்டே அழுகலையும் காயையும் ஒதுக்க வேண்டும். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது எல்லாம் கலந்து பேச்சு ஓடும். கூழின் இனிப்பை பிரிக்ஸ் கணக்கில் அளப்போம். பெங்களூரா ரகத்துக்கு 14 ஆவது வர வேண்டும். நான் இனிப்பு அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரும் கையுமாக, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தால் ஒரு அக்கா பக்கத்தில் இருப்பவரிடம் எனக்குக் கேட்கிற மாதிரியே கேட்பார்: "சாருக்கு இன்னைக்கு எத்தனை பிரிக்ஸ்டி?"

"பன்னெண்டுதான்க்கா. இன்னும் ரெண்டு நாள் வைக்கோல்ல போட்டு வெக்கணும்."

எழுதிப் பார்த்தால் பெரிய ஜோக் இல்லை. ஆனால் பெரும்பாலான சிரிப்பு ஜோக்குக்காக வருவதில்லை, சாதாரணப் பேச்சில்தான் வருகிறது என்று ராபர்ட் ப்ரொவைன் என்ற அமெரிக்க உளவியலாளர் கண்டிருக்கிறார். சேர்ந்து சிரித்தால் வலி தாங்கும் சக்தி கூடுகிறது என்று ராபின் டன்பார் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளரின் குழு 2011-ல் ஆய்வே வெளியிட்டது. எங்கள் அக்காக்களுக்கு ஆய்வு தெரியாது, கால் வலி தெரியும்.

எனக்குக் கிடைத்த லாபம் வேறு. என்னைக் கிண்டல் செய்யத் தயங்காத அதே வாய்தான், "சார், இந்த லோடு வாசனையே சரியில்ல, பாத்துக்கோங்க" என்றும் சொல்லும். என் கருவி சொல்வதற்கு முன்பே.

நகை பிறக்கும் இடங்கள் நான்கு என்று சொல்லும் தொல்காப்பியம், அதில் எள்ளலைத்தான் முதலில் வைக்கிறது. அந்த எள்ளல் கீழிருந்து மேலே போனால் காற்றோட்டம். மேலிருந்து கீழே வந்தால் கதை வேறு. எங்கள் சூப்பர்வைசர் ஒருவர், வீட்டில் தெலுங்கு பேசும் ஒரு பையனின் தமிழை அப்படியே பேசிக்காட்டி எல்லோரையும் சிரிக்க வைப்பார். பையனும் சிரிப்பான். ஒரு ராத்திரி கூழ் வடிகட்டும் சல்லடை கிழிந்துவிட்டது. நார் கலந்த கூழ் டிரம் டிரம்மாக நிரம்பிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. பையன் முதலிலேயே பார்த்திருக்கிறான்.

"ஏன்டா சொல்லல?"

"சொன்னா மறுபடி சிரிப்பாங்க சார்."

அத்தனையும் திரும்ப வடிகட்டினோம். சூப்பர்வைசரிடம் சொன்னபோது, "சும்மா தமாசுக்குத்தானே" என்றார். அடுத்த சீசனுக்கு அந்தப் பையன் வரவில்லை. ஓசூரில் ஏதோ கம்பெனியில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார்கள். கண் கூர்மையான பையன், எங்களுக்குத்தான் நஷ்டம்.