மேல் எண், கீழ் எண்: பிரஷர் ஆய்வில் சேர்பவருக்கு ஒரு நாட்குறிப்பு

மார்ச் 3, திங்கள்

ரத்த அழுத்த ஆய்வு என்று காதில் விழுந்ததும் "மருந்து பத்திரமானதா?" என்று கேட்கத் தோன்றும். அதற்கு முன் கேட்க வேண்டியது, இது எந்த வகை ஆய்வு என்பது. மனித உடம்புக்குள் முதன்முறையாகப் போகும் மருந்தும், பல வருடம் புழங்கிய இரண்டு மாத்திரைகளின் ஒப்பீடும் ஒரே மாதிரி அழைப்போடுதான் வரும். முதல் கட்டமா, மூன்றாம் கட்டமா என்று கேட்டால் பாதி தெளிந்துவிடும்.

பழகிய மாத்திரை என்றால் கவலையே வேண்டாம் என்றும் இல்லை. 1994-ல் தொடங்கிய ஆல்ஹாட் ஆய்வில் 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். குளோர்தலிடோன், அம்லோடிபின், லிசினோபிரில், டாக்சாசோசின் என நான்கும் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தவை. டாக்சாசோசின் பிரிவில் இதயச் செயலிழப்பு கூடுதலாக வந்ததால் 2000-ல் அந்தப் பிரிவை மட்டும் நடுவிலேயே நிறுத்தினார்கள். அதைக் கவனித்துச் சொன்னது, ஆய்வை நடத்துபவர்களிடமிருந்து விலகி நின்று கணக்கைப் பார்க்கும் கண்காணிப்புக் குழு. நீங்கள் சேரப்போகும் ஆய்வில் அப்படி ஒரு குழு உண்டா?

மாத்திரையே இல்லாத ஆய்வுகளும் இருக்கின்றன. 1997-ல் வெளியான டாஷ் ஆய்வில் 459 பேருக்குச் சாப்பாடுதான் மருந்து. மூன்று வாரம் முன்னோட்டம், எட்டு வாரம் ஆய்வு. அத்தனை நாளும் அவர்கள் கொடுத்ததை மட்டுமே சாப்பிட வேண்டும். மாத்திரை விழுங்குவதைவிட இது கடினம்.

மார்ச் 5, புதன்

ஒப்புதல் படிவம். இருபது பக்கம் இருக்கும். வீட்டுக்கு எடுத்துப்போய் இரண்டு நாள் வைத்துப் படிக்கலாம். "இப்போதே கையெழுத்துப் போடுங்கள்" என்று அவசரப்படுத்தும் இடத்தில் சேராமல் இருப்பதே நல்லது.

படிக்கும்போது பேனாவால் கோடிட வேண்டிய இடங்கள்: இப்போது சாப்பிடும் மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார்களா, எத்தனை நாளுக்கு, ஆய்வால் உடம்புக்குக் கேடு வந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது, எடுக்கும் ரத்தத்தை எத்தனை வருடம் வைத்திருப்பார்கள், மரபணுச் சோதனைக்கும் போகுமா, ஆய்வு முடிந்தபின் மருந்து தொடர்ந்து கிடைக்குமா. கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் "கிடைக்காது" என்றுதான் பதில் வரும். முன்னாலேயே தெரிந்துகொள்வது மேல்.

ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி போதும் என்கிற வகை மருந்தென்றால் இன்னொரு கேள்வியும் உண்டு. மாத்திரையை இன்று நிறுத்தினால் சில நாளில் வேகம் அடங்கிவிடும். ஊசியை உடம்பிலிருந்து திரும்ப எடுக்க முடியாது. அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கினால் என்ன செய்வதாக உத்தேசம் என்று கேளுங்கள்.

மார்ச் 10, திங்கள்

தகுதிச் சோதனை. பலர் இதில்தான் வெளியே வருகிறார்கள், வந்ததும் வருத்தப்படுகிறார்கள். உடம்பு சரியில்லை என்பதல்ல அதன் பொருள். 9,361 பேர் சேர்ந்த ஸ்பிரிண்ட் ஆய்வில் வயது 50 அல்லது அதற்கு மேல், மேல் எண் (இதயம் சுருங்கும்போது உள்ள அழுத்தம்) 130 முதல் 180 வரை, சர்க்கரை நோய் இருக்கக் கூடாது, பக்கவாதம் வந்திருக்கக் கூடாது. சர்க்கரை உள்ளவரை விலக்கியது ஆய்வின் கேள்வி வேறு என்பதற்காக.

இதற்காக அழுத்தத்தை ஏற்றிக்கொண்டோ இறக்கிக்கொண்டோ வருபவர்கள் உண்டு. காலை மாத்திரையை விட்டுவிட்டு, இரண்டு காபி குடித்துவிட்டு வருவார்கள். உள்ளே நுழைந்துவிடலாம். ஆனால் பிறகு அளக்கும் ஒவ்வொரு எண்ணும் பொய்யான தொடக்கத்தோடு ஒப்பிடப்படும். தேவைக்கு மேல் மருந்து ஏறும், தலைசுற்றி விழுவதும் அவரே.

மருந்துப் பட்டியலை வாயால் சொல்லாமல், அட்டைகளையே பையில் போட்டு எடுத்துப்போங்கள். மூட்டு வலிக்கு விழுங்கும் ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், மூக்கடைப்பு மாத்திரை, கருத்தடை மாத்திரை எல்லாம் அழுத்தத்தை ஏற்றக்கூடியவை. அதிமதுரமும் அப்படித்தான்: சிறுநீரகத்தில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றும். "அது மருந்தில்லையே" என்று அதைச் சொல்லாமல் விடுபவர்கள் உண்டு.

மார்ச் 14, வெள்ளி

இன்று அளவு எடுப்பது பற்றி. இந்த ஆய்வுகளில் எல்லாம் இந்த எண்ணில்தான் நிற்கிறது. அந்த எண்ணோ சொன்ன பேச்சு கேட்காதது.

அளப்பதற்கு அரை மணி முன்பிருந்து காபி, தேநீர், புகை, உடற்பயிற்சி வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு உட்கார வேண்டும். முதுகு சாய்ந்திருக்க, பாதம் இரண்டும் தரையில் பட, கால் மேல் கால் போடாமல், ஐந்து நிமிடம் பேசாமல் இருக்க வேண்டும். கைபேசியைப் பார்ப்பதும் ஓய்வில் சேராது. கை மேசைமேல், கையில் சுற்றும் பட்டை இதயத்தின் மட்டத்தில். 10 செ.மீ. கீழே தொங்கினால் எண் ஏறக்குறைய 8 கூடிவிடும். ரத்தத்தின் எடை செய்யும் வேலை அது. எந்தக் கருவியாலும் திருத்த முடியாது.

பட்டையின் அளவில்தான் அதிகத் தவறு. உள்ளே இருக்கும் காற்றுப் பையின் நீளம் மேல்கைச் சுற்றளவில் 80 சதவீதம் இருக்க வேண்டும். சுற்றளவு 35 செ.மீ. என்றால் பை 28 செ.மீ. பருத்த கையில் சிறிய பட்டையைச் சுற்றினால் எண் பொய்யாக ஏறும். முதல் நாளே நாடாவால் கையை அளந்து, எந்தப் பட்டை என்று குறித்துவைக்க வேண்டும். நர்ஸ் மாறும் நாளில் "எனக்குப் பெரிய பட்டை" என்று நீங்களே சொல்லலாம், தப்பில்லை. சட்டைக் கையைச் சுருட்டி ஏற்றினாலும் இறுக்கிப் பிடிக்கும். தளர்வான அரைக்கைச் சட்டை போட்டுப் போவது எளிது.

ஸ்பிரிண்டில் ஐந்து நிமிட ஓய்வுக்குப்பின் தானியங்கிக் கருவி மூன்று முறை அளந்து சராசரி எடுத்தது. மேல் எண்ணை 120-க்குக் கீழ் கொண்டுவர முயன்ற பிரிவில் இதய நோய்களும் இறப்பும் குறைந்ததால், 2015-ல் முன்கூட்டியே முடித்தார்கள். அதே பிரிவில் மயக்கமும் சிறுநீரகப் பாதிப்பும் கூடுதலாக இருந்தன. அந்த 120 இப்படி அளந்த 120. படியேறி வந்து மூச்சு வாங்க உட்கார்ந்ததும் எடுத்த 120-ஓடு அதை ஒப்பிட்டுச் சண்டை போடுவதில் பயனில்லை.

இன்னொன்று: ஆய்வகம் போகும் நாளில் காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு போகாதீர்கள் என்பார்கள். முந்தைய டோஸ் போட்டு 24 மணி நேரம் ஆனபின், மருந்தின் வேகம் மிகவும் தணிந்திருக்கும் நேரத்தில் அளக்கத்தான் அது. மறந்து போட்டுவிட்டால் மறைக்க வேண்டாம். வேறு நாள் தருவார்கள், அவ்வளவுதான்.

மார்ச் 15, சனி

வீட்டில் அளப்பவருக்கு: காலையில் இரண்டு, மாலையில் இரண்டு, நடுவே ஒரு நிமிடம். ஏழு நாள். முதல் நாள் கணக்கைத் தள்ளிவிடுவார்கள். காலை அளவு மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் முன்னால். வந்த எண்ணை அப்படியே எழுதுங்கள். 148 வந்தது பிடிக்காமல் மறுபடி அளந்து 136-ஐ எழுதினால், கருவியின் நினைவகம் காட்டிக்கொடுக்கும்.

மார்ச் 22, சனி

24 மணி நேரக் கருவி. இடுப்பில் ஒரு பெட்டி, கையில் பட்டை. பகலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை, இரவில் 30 நிமிடத்துக்கு ஒருமுறை என்பது வழக்கமான ஏற்பாடு. பட்டை இறுகத் தொடங்கியதும் நின்று, கையைத் தளரத் தொங்கவிட்டு அசையாமல் இருங்கள். அசைந்தால் அந்த அளவு வீண். கருவி மறுபடி இறுக்கும். 70 சதவீதமாவது சரியாகப் பதியாவிட்டால் முழு நாளையும் திரும்பச் செய்ய வேண்டிவரும்.

குளிக்க முடியாது. வண்டி ஓட்டுவதையும் தவிர்ப்பது நல்லது. எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எழுந்தீர்கள் என்று எழுதிவைக்க வேண்டும். பகல் சராசரிக்கு 135/85, இரவுக்கு 120/70 என்று எல்லை வேறு. நீங்கள் படுத்த நேரம் தெரியாவிட்டால் எது இரவு என்று கருவிக்குத் தெரியாது.

மார்ச் 29, சனி

முன்னோட்டக் காலம். பழைய மாத்திரையை நிறுத்தி, இரண்டு முதல் நான்கு வாரம் போலி மாத்திரை தருவது பல ஆய்வுகளில் உண்டு. எல்லா மருந்தையும் சட்டென்று நிறுத்த முடியாது: குளோனிடினை நிறுத்தினால் அழுத்தம் துள்ளி ஏறும், பீட்டா தடுப்பான்களை நிறுத்தினால் நெஞ்சுவலி வரலாம். படிப்படியாகக் குறைக்கும் அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். எந்த எண்ணைத் தாண்டினால் உடனே கூப்பிட வேண்டும் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். பல இடங்களில் அது 180/110.

வேடிக்கை என்னவென்றால், ஒன்றுமே செய்யாதபோதும் எண் இறங்கும். அதிகமாக இருந்த நாளில்தானே சேர்த்தார்கள். அடுத்த நாள் இயல்புக்குத் திரும்பும். அதோடு இடமும் பழகிவிடும். 2014-ல் வெளியான சிம்பிளிசிட்டி எச்.டி.என்.-3 ஆய்வில், அழுத்தத்தைக் குறைக்கச் சிறுநீரக நரம்புகளைச் சுடும் சிகிச்சை பெற்றவர்களுக்கு மேல் எண் சுமார் 14 இறங்கியது. சுட்டதுபோல் பாவனை மட்டும் செய்யப்பட்டவர்களுக்கு சுமார் 12. போலிப் பிரிவு இல்லாதிருந்தால் அந்த 14 முழுவதும் சிகிச்சையின் கணக்கில் ஏறியிருக்கும். "எனக்கு வெறும் சுண்ணாம்பு மாத்திரையா?" என்று கோபப்படுபவருக்கு இதைத்தான் காட்ட வேண்டும்.

ஏப்ரல் 7, திங்கள்

யாருக்கு எந்த மருந்து என்ற குலுக்கல் முடிந்து டப்பா கைக்கு வரும். உள்ளே எது என்று உங்களுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. அவசரத்தில் முத்திரையை உடைத்துப் பார்க்க வழி உண்டு. அதற்குக் கூப்பிட வேண்டிய எண் இருக்கும் அட்டையைப் பணப்பையிலேயே வையுங்கள்.

மிஞ்சிய மாத்திரைகளை எண்ணுவார்கள். விட்டுப்போனதைக் குப்பையில் போட்டு எண்ணிக்கையைச் சரிசெய்பவர்கள் உண்டு; சிறுநீரில் மருந்தையே தேடும் ஆய்வுகளில் அது வெளிப்பட்டுவிடும். வெளிப்படாவிட்டால் இன்னும் மோசம். வேலை செய்யும் மருந்து "வேலை செய்யவில்லை" என்று பதிவாகும்.

ஏப்ரல் 19, சனி

ரத்தச் சோதனை. உடம்பில் உப்பைத் தேக்கும் அல்டோஸ்டிரோன் ஹார்மோனைத் தடுக்கும் மருந்துகள், லிசினோபிரில் வகை, லோசார்டான் வகை எல்லாம் பொட்டாசியத்தை ஏற்றும். அதனால் தொடங்கிய ஒன்றிரண்டு வாரத்திலேயே பொட்டாசியமும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் பார்ப்பார்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள், பொட்டாசியம் 6-ஐத் தாண்டினால் இதயத் துடிப்பே தடுமாறலாம், அதுவரை உடம்பு ஒன்றும் சொல்லாமலும் இருக்கலாம். "பிரஷருக்கு நல்லது" என்று விற்கும் சோடியம் குறைந்த உப்பில் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடுதான். இந்த மருந்துகளோடு அது சேரக் கூடாது.

மே 3, சனி

24 மணி நேரச் சிறுநீர். எவ்வளவு உப்பு சாப்பிட்டீர்கள் என்பதை இதில் வெளியேறும் உப்பை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். காலை எழுந்ததும் கழிக்கும் முதல் சிறுநீர் கீழே போகட்டும், நேரத்தை மட்டும் குறியுங்கள். அதன்பின் ஒரு சொட்டு விடாமல் கேனில். மறுநாள் அதே நேரத்துச் சிறுநீரோடு முடியும். பிழை நடப்பது இந்த இரண்டு முனைகளில்தான். முதலாவதைச் சேர்த்துவிடுவார்கள், கடைசியை விட்டுவிடுவார்கள்.

1,600 மில்லியில் 200 போனால் எட்டில் ஒரு பங்கு. 8 கிராம் உப்பு சாப்பிட்டவர் 7 கிராம் சாப்பிட்டதாக ஆகிவிடும். உப்பைக் குறைக்கும் ஆய்வு தேடுகிற வித்தியாசமே பல சமயம் அவ்வளவுதான். ஒருமுறை தவறவிட்டால் சொல்லிவிட்டு மறுநாள் புதிதாகத் தொடங்குங்கள்.

மே 20, செவ்வாய்

விலகுவது பற்றி. எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் விலகலில் இரண்டு படி உண்டு: மருந்தை மட்டும் நிறுத்திவிட்டு அளவுக்கு வருவது, எல்லாவற்றையும் விடுவது. ஒத்துக்கொள்ளாத மருந்தை விட்டவர்கள் அளவுக்கும் வராமல் போனால், கணக்கில் மிஞ்சுபவர்கள் மருந்து ஒத்துக்கொண்டவர்கள் மட்டுமே. முடிந்தால் முதல் படியில் நில்லுங்கள்.

ஆய்வு முடியும் நாளுக்கு இரண்டு வாரம் முன்பே வழக்கமான டாக்டரிடம் நேரம் வாங்கிவிடுங்கள். டப்பாவில் என்ன இருந்தது என்று அப்போது தெரிந்திருக்காது. எல்லோரும் முடித்தபின்தான் சொல்வார்கள், மாதக்கணக்கில் ஆகும். கடைசி மாத எண்கள், ரத்தச் சோதனைத் தாள், எழுந்து நிற்கும்போது தலை சுற்றியதா என்ற குறிப்பு, இந்த மூன்றையும் கேட்டு வாங்கி எடுத்துப்போங்கள். டப்பா நின்ற நாளிலிருந்து ஏழு நாள், காலையும் மாலையும், பழைய முறையிலேயே அளந்து எழுதுங்கள்.