ராஜகாலுவே ஓரத்தில் சைட் வாங்குமுன்

பெங்களூரில் 30க்கு 40 அடி சைட் (வீட்டுமனை) அக்கம்பக்க விலையைவிட மலிவாகக் கிடைத்தால், பின்னால் ராஜகாலுவே, அதாவது மழைநீர்க் கால்வாய், இருக்கிறதா என்று பாருங்கள். இப்போது தண்ணீர் ஓடவில்லை, மேலே சிலாப் போட்டுவிட்டார்கள் என்பதெல்லாம் கணக்கில் வராது.

கால்வாய், ஏரி ஓரத்தில் எதுவும் கட்டாமல் விட வேண்டிய தூரத்துக்கு அடிப்படை பெங்களூரின் 2015 மாஸ்டர் பிளான். ஏரிக்கு 30 மீட்டர். முதல்நிலைக் கால்வாய்க்கு 50, இரண்டாம் நிலைக்கு 25, மூன்றாம் நிலைக்கு 15. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016-ல் ஏரிக்கு 75 மீட்டர் என்று உயர்த்தியதை உச்ச நீதிமன்றம் 2019 மார்ச்சில் ரத்து செய்தது. பழைய 30 ரத்தாகவில்லை. தரகர்கள் இதைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். ஏரியின் பரப்புக்கேற்ப தூரத்தைக் குறைக்கும் திருத்த மசோதாவும் 2025-ல் வந்தது. வீட்டு பிளான் அனுமதிக்கு மனுக் கொடுக்கும் நாளில் எது அமலில் இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பலர் தடுக்கி விழுவது அளக்கும் இடத்தில். கால்வாய்க்கு அதன் நடுக்கோட்டிலிருந்து அளக்க வேண்டும். கால்வாய் 3 மீட்டர் அகலம் என்றால், மூன்றாம் நிலையிலேயே கரையிலிருந்து 13.5 மீட்டர், அதாவது 44 அடி போய்விடும். கால்வாயை ஒட்டிய 40 அடி நீள சைட்டில் கட்ட ஓரடிகூட மிஞ்சாது. ஏரிக்கு வருவாய் ஆவணத்தில் உள்ள எல்லைதான். கோடையில் தண்ணீர் நிற்கும் இடமோ புதிதாகப் போட்ட வேலியோ அல்ல.

வில்லங்கச் சான்றில் இது எதுவும் தெரியாது. கத்தா என்பது சொத்து வரிக்கான பதிவு, அவ்வளவே. கிராம வரைபடத்தையும் சர்வே ஸ்கெட்சையும் வாங்குங்கள். பஹணியில் (நில உரிமை, சாகுபடி விவரப் பதிவு) கராப் நிலம், அதாவது சாகுபடிக்கு உதவாதது என்று ஒதுக்கிய நிலம், ஏதாவது இருக்கிறதா பாருங்கள். கர்நாடக அரசின் நில வரைபடச் செயலியான திஷாங்க்கில் சர்வே எண்ணைப் போட்டால் முதல் சந்தேகம் தெளியும், ஆனால் தூரத்தை அதில் அளக்காதீர்கள். 1:7920 அளவுள்ள கிராம வரைபடத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் தரையில் 8 மீட்டர். உரிமம் பெற்ற சர்வேயர் வந்து கல் நட்டு அளப்பதுதான் செல்லும். மாஸ்டர் பிளான் படத்தில் கால்வாயே இல்லை என்று காட்டுவார்கள். படத்தில் விடுபட்டாலும் வருவாய் ஆவணப்படி இடம் விடச் சொல்லலாம் என்று அதே பிளானில் எழுதியிருக்கிறது.

இப்படிக் கட்டாமல் விட்ட இடத்தில் பட்டா உங்களுடையதாகவே இருக்கும், வீடு மட்டும் கட்ட முடியாது. லேஅவுட் என்றால் அதைப் பூங்காவாகக் காட்டலாம். நீரோட்டத்தைத் தடுக்காத சாலை, கல்வெர்ட்டுக்கும் இடமுண்டு. ஆகவே விலை பேசும்போது அந்தச் சதுர அடியைத் தனியாகப் பிரித்துப் பேசுங்கள்.