டூங்காபியில யாரு லெஃப்ட், யாரு ரைட்

ஆஸ்திரேலியா வர்ற நம்ம ஆளுங்க முதல் சில வருஷம் அரசியல் பக்கமே திரும்பமாட்டாங்க. வேலை, வாடகை வீடு, பி.ஆர். (நிரந்தரமா தங்குற உரிமை), பிள்ளைங்க ஸ்கூல்னு ஓடிக்கிட்டே இருப்போம், அப்புறம் சிட்டிசன்ஷிப் கைக்கு வந்ததும் ஓட்டு போட்டே ஆகணும்னு சட்டம் வந்து முன்னாடி நிக்கும். ஃபெடரல் எலெக்‌ஷன்ல ஓட்டு கட்டாயம்னு 1924லயே சட்டம் போட்டுட்டாங்க, போடலேன்னா இப்போ 20 டாலர் ஃபைன். 1922ல 60 சதவீதத்துக்கும் கீழ கிடந்த வாக்குப்பதிவு 1925ல 91ஐ தாண்டிடுச்சு. கட்சிக்காரன், வெறி பிடிச்சவன் மட்டும் இல்ல, அரசியலே வேண்டாம்னு இருக்கிற மாமியும் சனிக்கிழமை காலையில பக்கத்து பிரைமரி ஸ்கூலுக்கு போய் வரிசையில நின்னே ஆகணும். இங்க ரெண்டு பெரிய கட்சியும் ரொம்ப ஓரத்துக்கு போகாம நடுவுல சுத்துறதுக்கு இதுவும் ஒரு பெரிய காரணம்னு நான் நம்புறேன்.

திருச்சியில வளர்ந்த எனக்கு இந்த லெஃப்ட் ரைட் கணக்கு புதுசு. ஊர்ல இடதுசாரின்னா கம்யூனிஸ்ட், அவ்ளோதான். ரேஷன் அரிசி, சத்துணவு, இட ஒதுக்கீடு இதையெல்லாம் எதிர்த்துப் பேசி தமிழ்நாட்டுல எந்தப் பெரிய கட்சியும் ஜெயிச்சதில்ல. திமுகவும் அதிமுகவும் என்னதான் முட்டிக்கிட்டாலும் அரசாங்கம் ஜனங்களுக்கு செய்யணும்ங்கிறதுல ரெண்டு பேருக்கும் சண்டை கிடையாது, சண்டையெல்லாம் வேற இடத்துல, சாதி, மொழி, டெல்லிகிட்ட எவ்ளோ பணியுறது, யாரு தலைவர். இங்க சண்டையே வரி எவ்ளோ, அரசாங்கம் எவ்ளோ பெருசுங்கிறதுலதான் ஆரம்பிக்குது. லேபர் 1891ல ஆட்டு ரோமம் வெட்டுற தொழிலாளிங்க ஸ்ட்ரைக் சமயத்துல யூனியன்கள்ல இருந்து வந்த கட்சி, லிபரல் 1944ல ராபர்ட் மென்சீஸ்ங்கிற தலைவர் சேர்த்த கட்சி, அதுதான் வலது பக்கம். லேபருக்கு இடது பக்கம் கிரீன்ஸ், லிபரலுக்கு வலது பக்கம் பாலின் ஹான்சனோட ஒன் நேஷன்.

எலெக்‌ஷன் சமயத்துல இங்க அரசு ஒளிபரப்பு நிறுவனமான ஏபிசி ‘வோட் கம்பஸ்’னு ஒண்ணு போடுவாங்க, கேள்விகளுக்கு பதில் சொன்னா நம்ம புள்ளி எங்க விழுதுன்னு காட்டும். அதுல எனக்கு பிடிச்சது ஒரு கோடு இல்ல, ரெண்டு கோடு. காசு விஷயத்துல இடதா வலதான்னு ஒண்ணு, சமூக விஷயத்துல புதுசை ஏத்துக்குறீங்களா பழசை பிடிச்சுக்குறீங்களான்னு இன்னொண்ணு. என் புள்ளி காசுல நல்லா இடது பக்கம் விழும், அதுல எனக்கு ஆச்சரியமே இல்ல, கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரியில பொறந்து கவர்ன்மென்ட் ஃபீஸ்ல இன்ஜினியரிங் முடிச்சு வந்தவன், அரசாங்கம் கையை எடுத்துக்கணும்னு நான் எப்படி சொல்ல முடியும்.

ஆனா மேற்கு சிட்னியில எங்க ஏரியா, டூங்காபி, பெண்டில் ஹில், வென்ட்வொர்த்வில், வெஸ்ட்மீட், இங்க நம்ம ஆளுங்க கூட பேசினா அந்த ரெண்டு கோடும் பத்தாது.

ஒரே குடும்பத்துல அண்ணன் தம்பி ரெண்டு பேரை எனக்கு தெரியும். அண்ணன் முன்னாடியே வந்து செட்டிலாகி காசில் ஹில் பக்கம் வீடு, வாடகைக்கு விட இன்னொரு வீடு. தம்பி பின்னாடி வந்தார், வெஸ்ட்மீட்ல யூனிட்டுக்கு வாடகை கட்டுறார், லீஸ் முடியுறப்பெல்லாம் ஏத்துறாங்க. 2019ல லேபர் தலைவர் பில் ஷார்ட்டன் நெகட்டிவ் கியரிங்கை சுருக்குறேன்னு சொன்னார் இல்ல, அதாவது வாடகை வீட்டுல வர்ற நஷ்டத்தை சம்பள வருமானத்துல கழிச்சு வரியைக் குறைச்சுக்கிற சலுகை, அண்ணன் அன்னைக்கே லிபரல். தம்பிக்கு அது நியாயமா பட்டுச்சு, வீட்டு விலை கொஞ்சமாவது இறங்கும்னு நினைச்சார். ஒரே அம்மா கையில சாப்பிட்டவங்க, ஒரே கோயிலுக்கு போறவங்க, வித்தியாசம் அந்த ரெண்டாவது வீடு மட்டும்தான். அந்த எலெக்‌ஷன்ல ஜெயிப்பாங்கன்னு எல்லாரும் சொன்ன லேபர் தோத்துச்சு. அண்ணனை பேராசைக்காரர்னு சிலர் சொல்றாங்க, நான் சொல்லமாட்டேன். நைட் ஷிஃப்ட் பார்த்து சேர்த்த காசுல வாங்கின வீடு, வயசான காலத்துக்கு அதுதான்னு நம்பி இருக்கார். அதே சமயம் தம்பி மாதிரி ஆளுங்க வீடே வாங்க முடியாம போறதும் உண்மை, என் ஓட்டு அன்னைக்கு தம்பி பக்கம்தான் போச்சு.

சொந்தத்துல ஒரு அக்கா நர்ஸ், அவங்க லேபர். காரணம் யூனியன், ஒரு வார்டுக்கு எத்தனை நர்ஸ் இருக்கணும்னு அவங்களுக்காக பேசினது யூனியன்தான், அப்புறம் மெடிகேர்ங்கிற அரசு மருத்துவக் காப்பீடு, அதை 1984ல கொண்டுவந்தது பிரதமர் பாப் ஹாக்கோட லேபர் அரசு. ஆனா அதே அக்கா 2017 சர்வேல நோ.

அந்த 2017 கதையை கொஞ்சம் விரிவாவே சொல்லணும். ஒரே பாலினத்தவர் கல்யாணம் பண்ணிக்க சட்டம் மாத்தலாமான்னு வீட்டுக்கு வீடு தபால்ல கேட்டாங்க. நாடு முழுக்க 61.6 சதவீதம் யெஸ். ஆனா நோ ஜெயிச்ச தொகுதிகள்ல முக்காவாசி எங்க மேற்கு சிட்னிதான், பாராமட்டா, கிரீன்வே எல்லாம் நோ, பிளாக்ஸ்லாண்ட்ல 73.9 சதவீதம் நோ, அது லேபரோட பழைய கோட்டை. அந்தப் பக்கம் வாரிங்கான்னு கடலோர பணக்கார தொகுதி, நோ பிரச்சாரத்துக்கு முன்னாடி நின்ன முன்னாள் லிபரல் பிரதமர் டோனி ஆபட்டோட அப்போதைய சொந்த சீட், அங்க 75 சதவீதம் யெஸ். லேபருக்கு ஓட்டு போடுற ஏழை தொகுதி பழசை பிடிச்சுக்குது, அப்போ லிபரலுக்கு ஓட்டு போட்டுக்கிட்டிருந்த பணக்கார தொகுதி புதுசை ஏத்துக்குது, இதுல யாரை லெஃப்ட்னு சொல்றது. எங்க பக்கம் இருக்கிறவங்க லெபனான், வியட்நாம், சீனா, இந்தியா, இலங்கைன்னு வந்தவங்க, கோயில் மசூதி சர்ச்தான் அவங்களுக்கு இங்க சொந்தக்காரங்க மாதிரி, வந்த புதுசுல வீடு தேடிக் கொடுத்தது வேலை சொன்னது எல்லாம் அந்த ஆளுங்கதான், அவங்க பேச்சை தட்ட மனசு வராது. நான் யெஸ்னு போட்டேன், இன்னைக்கும் அதுதான் சரின்னு சொல்வேன். ஆனா நோ போட்ட எல்லாரையும் வெறுப்பு பிடிச்சவங்கன்னு எழுதினதை படிச்சப்போ மனசு கஷ்டமாயிடுச்சு, அந்த அக்காகிட்ட அவங்க மகள் மாசக்கணக்கா பேசினா, கோவிச்சுக்காம, சாப்பாட்டு நேரத்துல, இன்னைக்கு அக்கா அப்படி பேசறதில்ல.

அகதி விஷயம் வந்தா இந்தக் கோடு மொத்தமா உடைஞ்சு போகும். வெள்ளைக்காரங்க இல்லாதவங்களை உள்ள விடாத வெள்ளை ஆஸ்திரேலியா கொள்கையை அந்தக் காலத்துல கெட்டியா பிடிச்சுக்கிட்டு இருந்ததுல லேபரும் உண்டு, 1973ல அதை மொத்தமா முடிச்சு வச்சது பிரதமர் விட்லமோட லேபர். வியட்நாம் அகதிகளை நிறைய எடுத்தது பிரதமர் ஃபிரேசரோட லிபரல் அரசு. விசா இல்லாம வர்றவங்களை கட்டாயமா அடைச்சு வைக்கிற சட்டம் 1992ல லேபர் கொண்டுவந்தது. 2001ல நடுக்கடல்ல காப்பாத்தின அகதிகளோட வந்த டாம்பா கப்பலை திருப்பினது பிரதமர் ஹாவர்டோட லிபரல். 2013 ஜூலையில, படகுல வந்தா இங்க குடியேறவே முடியாதுன்னு சொன்னது லேபர் பிரதமர் கெவின் ரட், சில மாசத்துல ஆபட் வந்து படகுகளை திருப்பி அனுப்ப மிலிட்டரி ஆபரேஷனே ஆரம்பிச்சார். எங்க தெருவுல ஒரு யாழ்ப்பாணத்து அண்ணா, 2012ல படகுல வந்தவர். அவர்கிட்ட லேபரா லிபரலான்னு கேட்டா, “தம்பி, ரெண்டு பேரும்தான் எங்களை அடைச்சு வச்சவை, ஆரை நம்பச் சொல்லுறீர்?” என்பார். 2023ல டெம்பரரி விசாக்காரங்களுக்கு நிரந்தர விசாவுக்கு வழி திறந்தப்போ அவருக்கும் கிடைச்சது, கேஸ் ரிஜெக்ட் ஆன அவரோட நண்பர் அப்படியே தொங்கிக்கிட்டு இருக்கார்.

பிலோயீலாவுல இருந்த தமிழ் அகதிக் குடும்பத்தை இங்க எல்லாருக்கும் தெரியும். குவீன்ஸ்லாந்துல நிலக்கரியும் இறைச்சி ஃபேக்டரியும் உள்ள சின்ன ஊர், பெரும்பாலும் வலது பக்கம் ஓட்டு போடுற ஏரியா. 2018 மார்ச்ல அந்தத் தமிழ் குடும்பத்தை அதிகாரிங்க விடிகாலையில தூக்கிட்டுப் போனப்போ நாலு வருஷம் விடாம அவங்களுக்காக நின்னது அந்த ஊர்க்காரங்கதான். 2022 மே மாசம் லேபர் ஜெயிச்சு ஜூன்ல அவங்க ஊர் திரும்பினாங்க, ஆனா அதே எலெக்‌ஷன்ல அந்தத் தொகுதி ஜெயிச்சது பழையபடி வலது பக்கம்தான். அந்த ஊர்க்காரங்களுக்கு அகதின்னா டிவியில வர்ற படகு இல்ல, பக்கத்து வீட்டுக் குழந்தைங்க. வலது பக்கம்னா ஈரம் இல்லாதவங்கன்னு யாராவது சொன்னா நான் பிலோயீலாவைத்தான் காட்டுவேன்.

புதுசா வந்தவங்க கேட்டா நான் கட்சி பேர் சொல்றதில்ல. உங்க வாடகை, உங்க டாக்டர் இன்னும் பல்க் பில்லிங் (உங்ககிட்ட காசு வாங்காம மெடிகேர்கிட்டயே வாங்கிக்கிறது) பண்றாரா, உங்க அம்மா அப்பா விசா எவ்ளோ வருஷமா நிக்குது, இதுல எந்தக் கட்சி என்ன செஞ்சுச்சுன்னு தேடுங்கன்னுதான் சொல்வேன். வாசல்ல கட்சிக்காரங்க ‘ஹவ் டு வோட்’ கார்டு நீட்டுவாங்க, வாங்கிக்கலாம், அதுல இருக்கிற மாதிரியே போடணும்னு அவசியம் இல்ல. கீழ்சபைக்கான பச்சை சீட்டுல எல்லாக் கட்டத்துலயும் 1, 2, 3ன்னு நம்பர் போடணும், செனட்டுக்கான வெள்ளை சீட்டுல கோட்டுக்கு மேல போட்டா குறைஞ்சது ஆறு கட்டம். உங்களுக்கு பிடிச்ச சின்ன கட்சிக்கு 1 கொடுத்தாலும் ஓட்டு வீணாகாது, அவங்க தோத்துட்டா உங்க 2 எங்க இருக்கோ அங்க போய் சேரும், அதனால கடைசி நம்பர் யாருக்குன்னும் யோசிச்சே போடுங்க.