செய்து கொடுத்த வேலைக்குக் காசு வராதபோது மத்தியஸ்த சபைக்குப் போன அனுபவம்

இலங்கையில் நுவரெலியாவுக்குக் கிட்ட, கந்தப்பளைப் பக்கம் மோட்டார் வைண்டிங் கடை, அதாவது எரிந்த மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றிக் கட்டுகிற கடை வைத்திருக்கிறேன். சுற்றிவர மரக்கறித் தோட்டங்கள், அதனால் கடைக்கு வருகிற வேலையில் பாதிக்கு மேல் தண்ணீர்ப் பம்புதான். வேலை முடித்து மோட்டாரைக் கொடுத்த பிறகு மீதிக் காசு தராமல் இழுத்தடித்த ஒருவரிடமிருந்து மத்தியஸ்த சபை வழியாக அதை வாங்கினேன். வழக்குக்குப் போகுமுன் இரண்டு தரப்பையும் உட்காரவைத்துப் பேசித் தீர்க்கிற சபை அது. கராஜ் வைத்திருப்பவர்கள், டிவி திருத்துகிறவர்கள், தையல் மெஷின் பார்க்கிறவர்கள் என்று எத்தனையோ பேருக்கு இந்தத் தலைவலி இருக்கிறது. ஆனால் மத்தியஸ்த சபை என்றதும் ‘அது காணிச் சண்டை, வேலிச் சண்டைக்குத்தானே’ என்று கேட்கிறார்கள். கூலிப் பாக்கிக்கும் அங்கே போகலாம். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பெப்ரவரி மாதம், மழை இல்லாத நேரம். லீக்ஸும் கரட்டும் போட்டிருக்கிற ஒரு அண்ணன் 5 குதிரைவலு த்ரீ பேஸ் (மூன்று லைனில் கரண்ட் எடுக்கிற) மோட்டார் ஒன்றைப் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு வந்தார். கீழே ஓடையிலிருந்து மேல் தட்டு வரைக்கும் தண்ணீர் ஏற்றுகிற மோட்டார், எரிந்துவிட்டது. அவர் முன்னாலேயே திறந்து காட்டினேன். இரண்டு பேஸின் கொயில் கரியாகிக் கிடந்தது, மூன்றாவது பேஸின் செம்பு மட்டும் புதுசு போல மினுங்கியது. ஸ்டார் முறையில், அதாவது மூன்று பேஸ் கொயிலின் ஒரு முனையை ஒன்றாகச் சேர்த்து இணைத்த மோட்டாரில் இப்படி இருந்தால் ஒரு பேஸ் லைன் விட்டுப்போன பிறகும் மோட்டார் ஓடியிருக்கிறது என்று அர்த்தம். எங்கள் பக்கம் காற்றடித்தால் மரக்கொப்பு லைனில் விழும், ஒரு பியூஸ் போகும், மற்ற இரண்டு லைனிலும் மோட்டார் உறுமிக்கொண்டே ஓடி எரிந்து போகும். ஸ்டார்ட்டரில் இருக்கிற ஓவர்லோட் ரிலே ஒழுங்காக வேலை செய்தால் அதற்கு முன்பே நிறுத்திவிடும். அவருடைய ஸ்டார்ட்டரையும் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன், ரிலே செத்துப் போயிருந்தது. அதையும் மாற்றுங்கள் அண்ணே என்றேன். ‘இப்ப அதுக்குக் காசில்ல தம்பி, மோட்டார மட்டும் கட்டிக் குடு’ என்றார்.

ஜொப் கார்டில், அதாவது வேலை விவரம் எழுதுகிற அட்டையில் எல்லாவற்றையும் எழுதினேன்: என்ன பழுது, என்ன காரணம், ரிலே மாற்றச் சொன்னது, அவர் வேண்டாம் என்றது, மொத்தம் 42,000 ரூபாய், முற்பணம் 10,000. கீழே அவர் கையெழுத்து. எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் கையெழுத்து வாங்காமல் நான் மோட்டாரைத் திறப்பதில்லை.

பழைய கம்பியை வெட்டி எடுத்து, இன்சுலேஷன் பேப்பர் போட்டு, அதே கேஜ் செம்புக் கம்பியில் அதே சுற்று எண்ணி வைத்து, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்து, பெயரிங் இரண்டையும் மாற்றி வேலையை முடித்தேன். கம்பி மட்டுமே பில்லில் பெரிய பங்கு, அதை நான் கைக்காசு போட்டு வாங்கினேன். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. காசு தராதவர்கள் பெரும்பாலும் ‘உன் கூலியைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்’ என்ற மாதிரித்தான் பேசுவார்கள். அதில் என் கூலி எவ்வளவு, செப்புக் கம்பிக்கடைக்காரருக்கு நான் கொடுத்தது எவ்வளவு என்று அவர்களுக்குத் தெரிவதில்லை.

எடுக்க வந்த அன்று, ‘மரக்கறி லோடு தம்புள்ளைச் சந்தைக்குப் போகட்டும் தம்பி, கொண்டாந்து தர்றேன்’ என்றார். கூலி தீரும்வரை திருத்திய பொருளை வைத்திருக்க எனக்கு உரிமை இருக்கிறது, அது எனக்குத் தெரியும். ஆனால் லீக்ஸ் வாடிக்கொண்டிருக்கிறபோது அவர் மோட்டாரைக் கடையில் பூட்டி வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ‘மீதி 32,000, இந்த மாத முடிவுக்குள் தருவேன்’ என்று கார்டின் பின்பக்கம் எழுத வைத்துக் கையெழுத்து வாங்கிவிட்டுக் கொடுத்தேன். இன்றைக்கு வந்தாலும் அப்படித்தான் செய்வேன்.

மாதம் முடிந்தது. போன் எடுத்தால் ‘நாளைக்கு’, அப்புறம் ‘அடுத்த கிழமை’, அப்புறம் போனே எடுக்கவில்லை. கடைசியில் ஊரில் ஒருவரிடம், அவன் கட்டின மோட்டாரில் தண்ணி வரல, எதுக்குக் காசு குடுக்கணும் என்று சொல்லியிருக்கிறார். காசு தராததைவிட அது என்னைச் சுட்டது. கடைப் பெயர் போனால் இந்தச் சின்ன இடத்தில் வேறு என்ன இருக்கிறது?

அன்றே கரண்ட் அளக்கிற கிளாம்ப் மீட்டரை எடுத்துக்கொண்டு அவர் தோட்டத்துக்குப் போனேன். மோட்டாரை ஓட விட்டு மூன்று லைனிலும் கரண்ட் பார்த்தேன்: 7.1, 7.0, 7.2. மூன்றும் ஒரே மாதிரி, மோட்டாரின் பிளேட்டில் எழுதியிருக்கிற அம்பியர் அளவுக்குள். வைண்டிங்கில் குறை இருந்தால் இப்படிச் சமமாகக் காட்டாது. குழாயின் அடியில் இருக்கிற புட் வால்வில்தான் பிரச்சினை. சேறும் இலையும் அடைத்து வால்வு மூடாமல் நின்றதால் நிறுத்துகிற ஒவ்வொரு தடவையும் குழாயில் உள்ள தண்ணீர் ஓடைக்கே இறங்கிவிடுகிறது, திரும்ப ஓடவிட்டால் பம்பு வெறும் காற்றைத்தான் இழுக்கும். அங்கேயே வால்வைக் கழற்றிக் கழுவிப் போட்டேன், தண்ணீர் மேல் தட்டுக்கு ஏறியது. மீட்டரையும் வால்வையும் போனில் படம் எடுத்து வைத்தேன். அவர் பார்த்துக்கொண்டு நின்றார், ‘சரி தம்பி, பாப்போம்’ என்றார். அவ்வளவுதான்.

நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய்க் கேள் என்றார்கள் சிலர், பொலிசில் போடு என்றார்கள் சிலர். காசுப் பாக்கி சிவில் விஷயம், பொலிஸ் வசூலித்துத் தராது. தெரிந்த ஒரு வழக்கறிஞரிடம் கேட்டேன். அவர் சொன்ன ஒரு விஷயம் எனக்கு அதுவரை தெரியாது, தொழில் செய்கிற எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டியது: செய்த வேலைக்கான கூலி, கடை பில், புத்தகத்தில் எழுதிய கடன் இவற்றுக்கு வழக்குப் போடுவதானால், காசு தர வேண்டிய நாளிலிருந்து 1 வருடத்துக்குள் போட வேண்டும். 1871ஆம் ஆண்டிலிருந்து இருக்கிற கட்டளைச் சட்டம் அது. கையெழுத்திட்ட எழுத்து ஒப்பந்தம் என்றால் 6 வருடம் வரை உண்டு. ஆனால் உன் கார்டு எந்த வகையில் சேரும் என்று பிறகு நீதிமன்றத்தில் வாதாடிக்கொண்டிருப்பதைவிட ஒரு வருடத்துக்குள் காரியத்தைப் பார் என்றார். ‘தெரிஞ்ச மனுசன், எப்படிக் கேக்கிறது’ என்று முகத்தாட்சண்யம் பார்த்து இரண்டு தீபாவளி விட்டுவிடுகிறவர்களை நினைத்துப் பார்த்தேன், வயிறு எரிந்தது.

இந்த அளவுத் தொகைக்கு நேராக நீதிமன்றத்துக்கும் போக முடியாது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்க மத்தியஸ்த சபைகள் சட்டப்படி முதலில் சபைக்குப் போக வேண்டும், அங்கே இணக்கம் வராவிட்டால் அவர்கள் தருகிற சான்றிதழோடுதான் வழக்கு. சபை எங்கே, எந்தக் கிழமை கூடுகிறது என்று கிராம சேவகரிடம் கேட்டேன், சனிக்கிழமை ஒரு பாடசாலையில் என்றார். தவிசாளருக்கு ஒரு விண்ணப்பம், இரண்டு பேருடைய பெயர் விலாசம், பாக்கித் தொகை, நடந்தது. தமிழில்தான் எழுதிக் கொடுத்தேன். அவர்கள் எதிர்த்தரப்புக்கு அழைப்பு அனுப்புகிறார்கள். வழக்கறிஞர் வந்து நமக்காகப் பேச முடியாது, நாமேதான் பேச வேண்டும். எனக்கு அது நல்லதாகவே பட்டது.

சபை முதல் தடவை அழைத்த நாளில் அவர் வரவில்லை. மறுபடி அழைத்தார்கள், வந்தார், கூடவே மச்சானும். மத்தியஸ்தர்கள் மூன்று பேர், அதில் ஒருவரை நான் தெரிவு செய்யலாம், ஒருவரை அவர் தெரிவு செய்யலாம். வகுப்பறையில் பிள்ளைகளுடைய மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் எங்கள் இருவரையும் முழுசாகப் பேச விட்டார், யார் சரி யார் பிழை என்று தீர்ப்புச் சொல்வது அவர்கள் வேலை இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். தண்ணி வரல என்ற கதை அங்கேயும் வந்தது. நான் கார்டையும் மீட்டர் படத்தையும் மேசையில் வைத்தேன். இந்த மூன்று எண்ணும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதற்கு என்ன அர்த்தம் என்று வாத்தியார் கேட்டார், சொன்னேன். அவர் அண்ணனைப் பார்த்து, ‘இப்ப தண்ணி வருதா?’ என்று மட்டும் கேட்டார். ‘வருதுங்க ஐயா.’

அதற்குப் பிறகுதான் உண்மையான பேச்சு தொடங்கியது. லீக்ஸ் விலை விழுந்துவிட்டது, லோடு போன காசு உரக்கடைக்கே போய்விட்டது, என்னைக் கண்டால் சொல்லக் கூச்சமாக இருந்தது என்றார். எனக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. விலை விழுந்தால் இங்கே எல்லார் வீட்டிலும் என்ன நடக்கிறது என்று எனக்கும் தெரியும்தானே. ஆனால் மோட்டார் வேலை பிழை என்று ஊரில் சொன்னதை அவர் திருத்த வேண்டும் என்று கேட்டேன். மேசையிலேயே, ‘வேலையில குறை இல்ல, நான் சொன்னது தப்பு’ என்று சொன்னார். மாதம் 8,000 வீதம் நாலு தவணை என்று இணக்கம் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். தவறினால் திரும்ப வந்து அறிவிக்கச் சொன்னார்கள்.

மூன்றாவது தவணை மட்டும் சில நாள் பிந்தியது, முன்கூட்டியே போன் பண்ணிச் சொன்னார். கடைசித் தவணையை மகனிடம் கொடுத்தனுப்பினார், ரசீது எழுதிக் கொடுத்தேன்.

போகிறவர்கள் கையில் எடுத்துக்கொள்ள வேண்டியவை: கையெழுத்துள்ள ஜொப் கார்ட், சாமான் வாங்கிய பில், முற்பணம் வாங்கிய ரசீதின் கொப்பி, போனில் வந்த மெசேஜ். வட்ஸ்அப்பில் ‘நாளைக்குத் தர்றேன்’ என்று அவர் அனுப்பியதை அழிக்காதீர்கள், கடன் இருக்கிறது என்று அவரே ஒத்துக்கொண்டதற்கு அதுதான் அடையாளம். பொருள் இன்னும் உங்கள் கடையில் இருந்தால் கூலி தீரும்வரை வைத்திருங்கள், ஆனால் ‘எடுக்க வராவிட்டால் விற்றுவிடுவேன்’ என்று நீங்களாக விற்கப் போகாதீர்கள், வைத்திருக்கிற உரிமை வேறு, விற்கிற உரிமை வேறு. காசு தர வேண்டிய தேதியைக் கார்டிலேயே எழுதுங்கள். அந்த ஒரு வருடம் அந்தத் தேதியிலிருந்துதான் ஓடத் தொடங்குகிறது.