ஓ.ஏ.இ. பாஸ், ஆனாலும் பெரா கேளுங்கள்

என்.ஐ.சி.யு.வில் (பிறந்த குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) குழந்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம் எடையைப் பற்றிக் கேளுங்கள், கிராம் கணக்கில் சொல்வாள். ஆக்சிஜன் அளவு, குடித்த பால் எத்தனை மில்லி, எல்லாம் மனப்பாடம். காது மட்டும் யார் நினைவிலும் இருக்காது. ஓ.ஏ.இ., பெரா இரண்டும் பிறந்த குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட்கள்.

என் மகள் 30-வது வாரத்தில் பிறந்தாள். கொஞ்ச நாள் வென்டிலேட்டர், கிருமித்தொற்றுக்கு ஜென்டாமைசின், அப்புறம் மஞ்சள் காமாலைக்கு நீல விளக்கு. இதில் வென்டிலேட்டரும் ஜென்டாமைசினும் காது கேளாமைக்கான அபாயப் பட்டியலில் இருப்பவை. ஜென்டாமைசின் வகை மருந்துகள் உள்காதில் ஒலியை உணரும் முடி செல்களைப் பாதிக்கக்கூடும். காமாலை அளவு மீறிப் போனால் கேட்கும் நரம்பையும் மூளைத்தண்டையும் தாக்கும். இதற்காக டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன். உயிரா காதா என்று வரும்போது அவர்கள் உயிரைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் அந்தக் கணக்கைக் கடைசியில் யாராவது சரிபார்க்க வேண்டுமே! ஆரோக்கியமாகப் பிறக்கும் குழந்தைகளில் ஆயிரத்துக்கு ஒன்றிரண்டு பேருக்குத்தான் நிரந்தரக் கேட்கும் குறைபாடு இருக்கும். தீவிர சிகிச்சையில் 48 மணி நேரத்துக்கு மேல் இருந்தவர்களில் அது நூற்றுக்கு ஒன்று வரை போகிறது.

காது டெஸ்ட் இந்த இரண்டு வகை. ஓ.ஏ.இ.யில் காதில் சின்ன முனையை வைத்து 'டிக் டிக்' என்று ஒலி அனுப்புவார்கள். உள்காது நன்றாக இருந்தால் மெல்லிய எதிரொலி திரும்பி வரும். 1978-ல் டேவிட் கெம்ப் கண்டுபிடித்தது இது. சீக்கிரம் முடிந்துவிடும், அதனால் எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் எதிரொலி வருவது உள்காதிலிருந்து. அதற்குப் பின்னால் இருக்கும் நரம்பு வேலை செய்கிறதா என்று அதற்குத் தெரியாது. அந்த நரம்புக் கோளாறு அதிகம் வருவதோ எங்கள் மாதிரிக் குழந்தைகளுக்குத்தான். ஆகவே ஐந்து நாளுக்கு மேல் என்.ஐ.சி.யு.வில் இருந்தால் நெற்றியிலும் பிடரியிலும் ஸ்டிக்கர் ஒட்டி மூளைத்தண்டு வரை பார்க்கும் பெரா (தானியங்கி ஏ.பி.ஆர்.) அவசியம் என்கிறார்கள். ஓ.ஏ.இ. மட்டும் செய்துவிட்டு 'பாஸ்' என்று எழுதிக் கொடுத்தால், விடாமல் கேளுங்கள். இதைச் சொல்லத்தான் இந்தப் பதிவே.

குழந்தை கொஞ்சம் தேறி, கர்ப்பக் கணக்கில் 34 வாரம் தாண்டி, வீட்டுக்குப் போகும் நேரம் நெருங்கும்போதுதான் இந்த டெஸ்டைச் செய்வார்கள். பால் குடித்துத் தூங்கும்போது செய்தால் நல்லது. என் மகள் தூக்கத்திலும் நெளிந்துகொண்டே இருந்தாள். இடது காதில் 'ரெஃபர்' வந்தது, அதாவது பாஸ் ஆகவில்லை, மறுபடி பார்க்க வேண்டும். அன்று இரவு எப்படிப் போனது என்று எழுத வேண்டாம். காதில் தேங்கிய நீர், குழந்தையின் அசைவு, பக்கத்து மெஷின்களின் மின் இரைச்சல், எதனாலும் அப்படி வரலாமாம். மறுபடி செய்தபோது இரண்டு காதும் பாஸ்.

நடுவில் என் மாமியார், "கை தட்டினா திடுக்கிடுறாளே, இதெல்லாம் எதுக்கும்மா?" என்றார். பாவம், என்னைத் தேற்றத்தான் சொன்னார். கையின் அசைவுக்கும் காற்றுக்கும்கூடக் குழந்தை திடுக்கிடும். ஒரு காது கேட்டாலும் திடுக்கிடும்.

குறைபாடு இருந்தால் மூன்று மாதத்துக்குள் உறுதி செய்து, ஆறு மாதத்துக்குள் காது மெஷினோ பயிற்சியோ தொடங்க வேண்டும். பேச்சு வருவதற்கு அந்த மாதங்கள் முக்கியம். குறைமாதக் குழந்தைகளுக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் தள்ளிப்போகலாம், ஆடியாலஜிஸ்டிடம் (கேட்கும் திறனைப் பரிசோதிக்கும் நிபுணர்) கேட்டுக்கொள்ளுங்கள்.

பாஸ் ஆனாலும் ஃபைலை மூடிவிடாதீர்கள். சி.எம்.வி. என்ற வைரஸ் தொற்று, மூளைக்காய்ச்சல் போன்றவை இருந்தால் குறைபாடு பின்னாலும் வரலாம். எங்களுக்கு ஒன்பதாம் மாதம் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். தடுப்பூசி அட்டையிலேயே எழுதி வைத்துவிட்டேன், அதை மட்டும்தான் நான் தொலைப்பதில்லை.