எஃப்.சி. தேதிக்கு முன்னால் மனு போய்ச் சேரவேண்டும்

அணைக்கட்டு வட்டத்தில், ஜவ்வாது மலை அடிவாரத்து ஊர் எங்களுடையது. ஊருக்கு ஒரே ஒரு டவுன் பஸ். பள்ளிக்கூடப் பிள்ளைகள், வேலூர் நேதாஜி மார்க்கெட்டுக்குப் போகும் முள்ளுக் கத்தரிக்காய் மூட்டைகள், ஆஸ்பத்திரிக்குப் போகும் பெரியவர்கள் எல்லாம் அதே வண்டிதான். ஓட்டை விழுந்த அந்த வண்டியை மாற்ற வைக்க 19 மாதம் ஆனது. அதில் முதல் 8 மாதம் முழுக்க வீண். எங்கே வீணானது, எது வேலை செய்தது என்பதை மற்ற ஊர்க்காரர்களுக்காக எழுதி வைக்கிறோம்.

முதல் தப்பு மனுவிலேயே இருந்தது. சாலை, தெருவிளக்கு, பஸ் மூன்றையும் ஒரே தாளில் எழுதி, சத்துவாச்சாரியில் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்வு நாளில் கொடுத்தோம். அப்படிக் கொடுத்தால் மனு ஒரு துறைக்குத்தான் போகும். மற்ற இரண்டு கோரிக்கையும் அந்தக் கோப்புக்குள்ளேயே தூங்கிவிடும். எங்கள் மனு சாலைக்குப் போனது. ஒரு மனுவுக்கு ஒரு கோரிக்கை. இதை மீறவே கூடாது.

அடுத்த மனுவில் பஸ்ஸை மட்டும் எழுதினோம். ‘பழைய பேருந்தை மாற்றிப் புதிய பேருந்து வழங்க வேண்டும்’ என்று கேட்டோம். தகுதிச் சான்றுடன்தான் ஓடுகிறது, புதிய வண்டிகள் வந்ததும் பரிசீலிப்போம் என்று பதில் வந்தது. அதில் பொய் எதுவும் இல்லை. கேள்வி மொட்டையாக இருந்ததால் பதிலும் மொட்டையாக வந்தது. வண்டி எண், பதிவான தேதி, எஃப்.சி. (தகுதிச் சான்று) முடியும் தேதி, நடை (ட்ரிப்) நேரம், ரத்தான நடைகளின் எண்ணிக்கை ஆகிய ஐந்தும் இல்லாத மனுவுக்கு இப்படித்தான் பதில் வரும்.

வண்டியின் வயதைத் தெரிந்துகொள்ள யாரையும் கேட்கத் தேவையில்லை. ‘டி.என். 23 என்’ என்று தொடங்கும் எண்ணை எம்-பரிவாஹன் செயலியில் போட்டால் பதிவான தேதியும் எஃப்.சி. முடியும் தேதியும் வந்துவிடும். மோட்டார் வாகன விதிப்படி, 8 ஆண்டுவரை எஃப்.சி.யை 2 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும். அதைத் தாண்டிய வண்டிக்கு ஆண்டுதோறும் எடுக்கவேண்டும். 15 ஆண்டு முடிந்த அரசு வண்டிகளின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் செல்லாது என்பது மத்திய அரசின் விதி. போக்குவரத்துக் கழக வண்டிகளும் அதில் அடக்கம்.

எங்களை அதிகம் குழப்பியது கிலோமீட்டர் கணக்கு. முன்பு சாதாரணப் பேருந்தின் ஆயுள் வரம்பு 6 ஆண்டு அல்லது 7 லட்சம் கி.மீ. என்று இருந்தது. பிறகு அதை 9 ஆண்டு அல்லது 12 லட்சம் கி.மீ. என்று உயர்த்தினார்கள். நேரில் கேட்கப் போனால், ‘இன்னும் கிலோமீட்டர் ஆகவில்லை’ என்பார்கள். இதைத் தாளில் போட்டுப் பாருங்கள். கிராமத்து டவுன் பஸ் ஒரு நாளைக்கு 200 கி.மீ. ஓடுகிறது, ஆண்டுக்கு 360 நாள் ஓடுகிறது என்றே வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 72,000 கி.மீ.தான். 12 லட்சத்தைத் தொட 16 ஆண்டுக்கு மேல் ஆகும். அதற்குள் 15 ஆண்டுப் பதிவே முடிந்துவிடும். நெடுந்தூர வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்கு பொருந்தும். நின்று நின்று போகும் டவுன் பஸ்ஸுக்கு ஆண்டுக் கணக்கைத்தான் வைத்துப் பேசவேண்டும். இந்தக் கணக்கை மனுவிலேயே போட்டுக் காட்டிய பிறகு கிலோமீட்டர் பேச்சு வரவில்லை.

இனி எஃப்.சி. விஷயம். இத்தனை எழுதுவதே இதற்காகத்தான். எஃப்.சி. தேதி நெருங்கினால் வண்டியைப் பணிமனையில் நிறுத்தித் தகடு மாற்றுவார்கள், பட்டை வைத்து ரிவிட் அடிப்பார்கள், பிரேக் லைனிங் போடுவார்கள், பெயின்ட் அடிப்பார்கள். அவ்வளவு செலவு செய்து ஒரு வருடச் சான்று வாங்கிய வண்டியை அடுத்த மாதமே கழிக்க எந்த அதிகாரியும் கையெழுத்துப் போடமாட்டார். அவர் மேல் தப்புச் சொல்லவும் முடியாது. எங்கள் இரண்டாவது மனு எஃப்.சி. முடிந்த மூன்றாவது வாரம் போய்ச் சேர்ந்தது. அதோடு அந்த வருட வாய்ப்பு போயிற்று. எஃப்.சி. தேதிக்கு நான்கு மாதம் முன்னால் மனு மேசையில் இருக்கவேண்டும். இந்த வண்டிக்கு இனி செலவு செய்வதா, கழிப்பதா என்று அவர்கள் யோசிப்பது அந்தச் சமயத்தில்தான்.

காத்திருக்கும் மாதங்களில் நோட்டுப் போடுங்கள். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் கடையில் 40 பக்க நோட்டு ஒன்று போதும். தேதி, வரவேண்டிய நேரம், வந்த நேரம், வராவிட்டால் என்ன காரணம். காரணத்தை ‘ரிப்பேர்’ என்று ஒரே சொல்லில் முடிக்காமல், என்ன ரிப்பேர் என்று எழுதுங்கள். எங்கள் வண்டியில் திரும்பத் திரும்ப வந்தவை நான்கு. பின்பக்கப் பட்டை வில்லில் மெயின் லீஃப் உடைவது: மூட்டைப் பாரத்தோடு குழியில் இறங்கும்போது போகும், அன்று முழுக்க நடை இல்லை. காற்றுக் கசிவு: இரவு ஊரில் ஹால்ட் ஆகும் வண்டியில் விடிவதற்குள் டேங்க்கில் காற்று இறங்கிவிடும், என்ஜினை ஓட விட்டுக் காற்று ஏறினால்தான் பிரேக் விடும், முதல் நடை பத்து, பதினைந்து நிமிடம் தாமதம். பாட்டரி: ஸ்டார்ட் ஆகாது என்பதால் ஓட்டுநர் சரிவு பார்த்தே நிறுத்துவார். நான்காவது தரை. சக்கரத்துக்கு மேல் இருக்கும் பிளைவுட்டில் மழைத்தண்ணீர் ஊறி மக்கும், அதன்மேல் அடித்த அலுமினியத் தகட்டின் ரிவிட் கழன்று ஓட்டை விழும். பிள்ளைகள் நிற்கும் இடமே அதுதான். இதில் மட்டும் பொறுமை காட்டாதீர்கள். அன்றன்றைக்கே பணிமனைக்குப் போன் போட்டுச் சொல்லி, சொன்ன நேரத்தை நோட்டில் எழுதுங்கள்.

நோட்டில் ஓட்டுநர், நடத்துநர் பெயர் வேண்டாம். அந்த வண்டியை அன்றாடம் தாங்கிக்கொள்பவர்கள் அவர்கள்தான். எந்த லீஃப் போனது, எந்தக் குழாய் கசிகிறது என்று நமக்குச் சொல்பவர்களும் அவர்களே.

நடைக்கு ஆள் இல்லை என்ற பேச்சு எழாமல் இருக்க இன்னொன்றும் தேவை. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் சீட்டு உண்டு. இலவசம்தானே என்று பலர் அதை வாங்காமலே இறங்கிவிடுகிறார்கள். எத்தனை பேர் ஏறினார்கள் என்பதற்குக் கழகத்திடம் இருக்கும் கணக்கு அந்தச் சீட்டுதான். ஐம்பது பேர் ஏறிய காலை நடை காகிதத்தில் பதினைந்து பேராகத் தெரிந்தால், வண்டி மாற்றம் இருக்கட்டும், நடையே நிற்கும். எங்கள் ஊர் மகளிர் குழுவினர் ஒரு மாதம் நிறுத்தத்தில் நின்று எல்லோரையும் சீட்டு வாங்க வைத்தார்கள். மனுக்களில் எதுவும் இதற்கு ஈடாக வேலை செய்யவில்லை என்பது எங்கள் எண்ணம்.

மூன்று மாத நோட்டுச் சேர்ந்ததும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டோம். வெள்ளைத்தாள், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், பெறுநர் கழகத்தின் மண்டல அலுவலகப் பொதுத் தகவல் அலுவலர். ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் எழுதத் தேவையில்லை. சட்டப்பிரிவு 6(2) அதைத்தான் சொல்கிறது. ‘ஏன் மாற்றவில்லை’ என்று கேட்காதீர்கள். ‘ஏன்’ என்பது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள். பதிவேட்டில் இருப்பதை மட்டும் கேளுங்கள்: இந்த எண் வண்டி இதுவரை ஓடிய மொத்த கி.மீ., கடந்த 12 மாதத்தில் வழியில் நின்ற நாட்கள், ரத்தான நடைகள் மாதவாரியாக, கடைசி எஃப்.சி.க்குச் செலவான தொகை, இந்தத் தடத்துக்கு மாற்று வண்டி கேட்டுப் பணிமனை மேலிடத்துக்கு அனுப்பிய கடிதத்தின் நகல். 30 நாளில் பதில் வரவேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் பிரிவு 19(1)இல் முதல் மேல்முறையீடு. எங்களுக்கு மேல்முறையீட்டுக்குப் பிறகுதான் பதில் வந்தது. அதில் கடைசிக் கேள்விக்கு, அப்படிக் கடிதம் எதுவும் இல்லை என்றிருந்தது. எட்டு மாதமாகப் பரிசீலனையில் இருந்ததாக நாங்கள் நம்பிய விஷயம் பணிமனை வாசலையே தாண்டவில்லை. அந்தப் பதிலின் நகலை இணைத்து அடுத்த மனு கொடுத்த பிறகே கடிதம் மேலே போனது.

மேலே போனாலும் வண்டி உடனே வராது. அதில் உள்ளூர் அதிகாரி கையில் இல்லாத தாமதமும் உண்டு. ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ வங்கிக் கடனில் பேருந்து வாங்க 2019இல் ஒப்பந்தமானது. பிறகு கொரோனா, மாற்றுத்திறனாளிகள் ஏறும்படி தாழ்தளப் பேருந்துதான் வாங்கவேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு. அந்த வழக்கில் கேட்டது நியாயம்; 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தந்த உரிமை அது. சென்னையில் அந்தத் தாழ்தள வண்டிகள் ஓடத் தொடங்கியது 2024 ஆகஸ்டில். டெண்டர் தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும் கடைசித் தடத்தில் ஓடும் பழைய வண்டி இன்னொரு ரிவிட் வாங்கும்.

மனுவில் ஒரு வரி கட்டாயம் வேண்டும். ‘வண்டி ஓட்டத் தகுதியற்றது’ என்று மட்டும் எழுதினால், தகுதியற்றதுதான் என்று எடுத்துக்கொண்டு போய்விடலாம். பதிலுக்கு வர ஸ்பேர் வண்டி இருக்காது. ‘மாற்று வண்டி வந்த பின்பே இதை எடுக்கவேண்டும், தற்போதைய நடைகளில் எதுவும் குறையக்கூடாது’ என்று எழுதி, நடை நேரங்களை வரிசையாகக் குறிப்பிடுங்கள். இதே வாசகத்தைக் கிராம சபைத் தீர்மானமாகவும் போட்டோம். ஆண்டுக்கு ஆறு கிராம சபை உண்டு. நவம்பர் 1 கூட்டத்தில் நிறைவேற்றி, தீர்மான நகலை முத்திரையோடு வாங்கிக்கொண்டோம்.

வரும் வண்டி புதியதாகவே இருக்கும் என்றும் எண்ணவேண்டாம். புதுவண்டி பெரிய தடத்துக்குப் போகும், அங்கிருந்து இறங்குவது நமக்கு வரும். ஐந்து வயது வண்டியானால் வாங்கிக்கொள்ளுங்கள். பதினொரு வயது என்றால் இரண்டு ஆண்டில் இதே அலைச்சல் மறுபடி. எண்ணைச் செயலியில் போட்டுப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். எங்களுக்கு முதலில் சொன்ன வண்டி பதின்மூன்று வயது. அன்றே எழுத்தில் மறுத்தோம்.

வண்டி ஒதுக்கியாகிவிட்டது என்று தெரிந்ததும் ஊர் செய்யவேண்டிய வேலை நிறைய. நீள வண்டி ஒரே மூச்சில் திரும்ப 20 மீட்டருக்கு மேல் இடம் வேண்டும். டேப் பிடித்து அளந்து, திருப்பத்தில் இருந்த வைக்கோல் போரையும் கல் குவியலையும் நகர்த்தினோம். தாழ்ந்த புளியங்கிளைகளை வெட்டினோம், தொங்கிய மின்கம்பியை மின்வாரியத்துக்குச் சொல்லி ஏற்றினோம். வேகத்தடை அடுத்த தொல்லை. இந்தியச் சாலைக் குழுமத் (ஐ.ஆர்.சி.) தரப்படி அது 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் இருக்கவேண்டும். ஊரில் போட்டது ஒரு முழ அகலத்தில் முட்டுச்சுவர் மாதிரி இருந்தது. பின்சக்கரத்துக்குப் பின்னால் நீளும் பாகம் அதில் உரசும். தரைப்பாலத்தின் இறக்கத்திலும் அப்படியே. சோதனை ஓட்டத்தில் ஒருமுறை தட்டினால் ‘தடம் பொருந்தாது’ என்று எழுதிவிடுவார்கள். ஊராட்சியில் சொல்லி, சோதனை ஓட்டத்துக்கு முன்பே செதுக்கிச் சரிவு கொடுத்தோம்.

பர்மிட்டில் பழைய எண்ணுக்குப் பதில் புது எண்ணை ஏற்றவேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 83இன்படி அதற்கு அனுமதி தேவை. அதற்கு மேல் கொடியசைப்பு விழா. தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் விழா நடக்காது, வண்டி பணிமனையிலேயே நிற்கும். விழா வேண்டாம், வண்டி வந்தால் போதும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்தோம்.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.-6 (புதிய புகைக் கட்டுப்பாட்டுத் தரம்) வண்டிக்குப் பழக்கமும் வேறு. டீசலோடு யூரியா கரைசலும் ஊற்றவேண்டும். அது தீர்ந்தால் என்ஜின் இழுவை குறைந்துவிடும். கம்ப்யூட்டர் இருப்பதால் பாட்டரி முழுக்க இறங்கிவிட்டால் சரிவில் உருட்டி ஸ்டார்ட் செய்ய முடியாது. ஹால்ட் வண்டி என்பதால் நல்ல பாட்டரி ஜோடி கேட்டு வாங்குங்கள். இரவில் உள்விளக்கை எரியவிட்டுத் திண்ணைபோல உட்காரும் பழக்கத்தையும் நிறுத்தியாகவேண்டும்.

வண்டி மாறிய வாரத்தில் இரவு 9 மணி நடை சத்தமில்லாமல் காணாமல் போனது. மனுவில் அந்த நேரத்தை எழுதியிருந்ததால், தீர்மான நகலோடு பணிமனைக்குப் போய்க் காட்டினோம். பதினோராம் நாள் திரும்ப வந்தது. உத்திரக் காவிரியில் தண்ணீர் வரும் ஐப்பசி, கார்த்திகையில் தரைப்பாலத்துக்கு இந்தப் பக்கமே வண்டி திரும்பிவிடுகிறது. அதற்கு மாற்றுப் பாதை கேட்டுத் தனி மனு, ஒரே கோரிக்கையோடு, இந்தத் திங்கட்கிழமை கொடுத்திருக்கிறோம்.