பதினைந்து நடை, முப்பது ட்ரிப்

காலை ஆறரை மணிக்கே டீக்கடை பெஞ்சில் இடம் பிடித்துவிட்டேன். சென்னையில் பெரும்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஓர் உள்சாலை. எதிரே ஓர் அடுக்குமாடி வளாகத்தின் கேட். மடியில் அட்டை, அதில் கட்டம் போட்ட தாள்: பைக், கார், ஆட்டோ, வேன், பஸ், லாரி, சைக்கிள். 15 நிமிடத்துக்கு ஒரு வரி. நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுப்பது. இன்ஜினியரிங் படித்துவிட்டு இதைத்தான் செய்கிறாயா என்று அம்மா கேட்பார்.

நான் எண்ணிய வளாகம் எங்கள் வாடிக்கையாளருடையது அல்ல. அதே சாலையில் கொஞ்சம் தள்ளி 500 வீடுகளோடு புதிதாக ஒன்று வரப்போகிறது. அது வந்தால் சாலை தாங்குமா என்று அறிக்கை கொடுப்பதுதான் எங்கள் வேலை. கட்டடம் 18.30 மீட்டர் உயரத்தைத் தாண்டினால் போக்குவரத்துக் காவல்துறையிடம் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். கட்டுமானப் பரப்பு 20,000 சதுர மீட்டரை எட்டினால் சுற்றுச்சூழல் அனுமதியும் வேண்டும். எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றே: வண்டி எவ்வளவு கூடும்?

இன்னும் கட்டாத வீட்டிலிருந்து எத்தனை வண்டி கிளம்பும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் ஆள் குடியேறிவிட்ட, அதே மாதிரியான ஒரு வளாகத்தின் வாசலில் எண்ணி, வீட்டுக்கு இத்தனை என்று வகுத்து, 500ஆல் பெருக்குவோம். அமெரிக்காவில் இதற்கென்று தடிமனான கையேடே உண்டு. அங்கே ஒரு தனி வீட்டுக்கு ஒரு நாளைக்கு ஒன்பது ட்ரிப்புக்கு மேல். பால் பாக்கெட்டுக்கும் கார் எடுக்கிற ஊர்க் கணக்கு அது. இங்கே வீட்டு வேலைக்கு வருகிற அக்கா ஷேர் ஆட்டோவில் இறங்கி நடந்து வருகிறார்.

எண்ணியதையெல்லாம் கார் அளவுக்கு மாற்றுவது, அதாவது ஒவ்வொரு வண்டியும் சாலையில் எத்தனை காருக்குச் சமம் என்று பார்ப்பது, அடுத்த வேலை. கார் ஒன்று. பைக் பத்து சதவீதத்துக்கு மேல் ஓடுகிற சாலையில், அதாவது நம்மூரில் எங்கேயும், ஒரு பைக் 0.75. லாரிகள் மொத்தத்தில் ஐந்து சதவீத அளவில் இருந்தால் ஒரு லாரி 2.2. சாலைகளுக்கு விதிமுறை வகுக்கிற இந்திய சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பு 1990இல் போட்ட அட்டவணை இது. அதன்படி, ஓரத்தில் வண்டி நிற்கிற, வீட்டு வாசல்கள் நேராகத் திறக்கிற இருவழி உள்சாலைக்கு மணிக்கு 900 கார் அளவுதான் கொள்ளளவு. இதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கணக்குக்கு ஏதாவது ஓர் அளவுகோல் வேண்டுமே.

எட்டரை மணிக்கு கேட்டில் இருந்த செக்யூரிட்டி ஐயா எழுந்து வந்தார். அறுபதைத் தாண்டியவர். தாளை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, லாரியில ஒரு கோடுதான் இருக்கு?" என்றார்.

"ஒண்ணுதானே வந்துச்சு ஐயா."

"இது பிப்ரவரி. ஏப்ரல்ல வந்து உட்காருங்க."

அப்புறம் உள்ளே போய்ப் போன வருட நோட்டை எடுத்து வந்தார். செக்யூரிட்டி கேபினில் இருக்குமே, கயிற்றில் பேனா கட்டிய நீள நோட்டு. ஏப்ரல் பக்கங்களில் தண்ணி லாரி, தண்ணி லாரி, தண்ணி லாரி. 6.40, 7.55, 8.20, 8.50. காசு கணக்குக்காக எழுதியது, அதனால் ஒன்றும் விட்டுப்போகவில்லை. எங்கள் ஆபீஸ் எக்செல்லைவிட அந்த நோட்டு சுத்தம். எக்செல்லில் லாரி "மற்றவை" என்ற வரிசைக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும்.  குடியிருப்பவர்களின் வண்டிக்குக் கணக்கு உண்டு. அவர்களுக்காக வருகிற வண்டிக்குக் கிடையாது.

அன்று மதியம் நானே போட்டுப் பார்த்தேன். ஒரு நாளைக்குத் தலைக்கு 135 லிட்டர் தண்ணீர் என்பது வழக்கமான விதி. அதில் 45 லிட்டர் கழிவறைக்கு. சுத்திகரித்த நீரையே விட்டுக்கொள்ளலாம். மீதி 90. வீட்டுக்கு நாலு பேர், 500 வீடு: நாளைக்கு 1,80,000 லிட்டர். போர்வெல் வற்றிய கோடையில் அத்தனையும் லாரியில் வந்தால், 12,000 லிட்டர் லாரிக்கு 15 நடை. லாரிக்காரருக்கு 15 நடை என்றால் எங்களுக்கு 30 ட்ரிப். போவது ஒன்று, வருவது ஒன்று. 2.2ஆல் பெருக்கினால் 66. நாள் முழுக்கப் பரப்பினால் ஒன்றுமே இல்லை என்று தோன்றும்.

ஆனால் லாரி பரவி வருவதில்லை. வந்தாலும் ஓடிக்கொண்டே இருப்பதில்லை. கேட்டுக்குள் ரிவர்ஸ் எடுக்க சாலையை முழுசாக அடைக்கிறது. மூன்று நிமிடம் என்று வையுங்கள், 15 நடைக்கு 45 நிமிடம். ஓடுகிற லாரிக்கு 2.2, குறுக்கே நிற்கிற லாரிக்கு அட்டவணையில் எண் கிடையாது.

இன்னொரு வேடிக்கை. பிப்ரவரியில் எண்ணினால் ஸ்கூல் வேன் உண்டு, தண்ணி லாரி இல்லை. மே மாதம் எண்ணினால் லாரி உண்டு, ஸ்கூல் லீவு. மார்ச் கடைசியில் எண்ணினால்தான் இரண்டும் சேர்ந்து வரும். அறிக்கை மார்ச் முதல் வாரம் கேட்டிருக்கிறார்கள்.

இதையெல்லாம் காட்டியபோது ஆபீஸில் சார் கோபப்படவில்லை. "டாங்கர் வரிசை போட்டுக்கோம்மா, ஆனா முடிவுரையில வேண்டாம்" என்றார். முடிவுரையில் போடவில்லை, பரிந்துரையில் போட்டேன். லாரி திரும்பி நிற்க வளாகத்துக்குள்ளேயே ஓர் இடம், சம்ப்பில் (நிலத்தடித் தொட்டியில்) ஊற்றும் குழாய் அதை ஒட்டி, கேட் சாலையிலிருந்து இரண்டு கார் நீளம் உள்ளே தள்ளி. மூன்றும் வரைபடத்தில் ஏறின.

நேற்று ஆர்க்கிடெக்ட் அலுவலகத்திலிருந்து திருத்திய வரைபடம் வந்தது. கேட் உள்ளே தள்ளியிருக்கிறது, குழாயும் இருக்கிறது. லாரி நிற்கிற இடமும் இருக்கிறது. அதன் மேலேயே விருந்தினர் கார் பார்க்கிங் என்று ஆறு கட்டம் போட்டிருக்கிறார்கள்.